ஒரே ஒரு பயணம் என்றால் எங்கே? வெனிஸ், காசெல், மியூன்ஸ்டர், கொச்சி, தெஷிமா: கலைஞருக்கான ஓர் ஒப்பீடு

சமகாலக் கலையில் இயங்கும் எவருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் குழப்பம் வரும். இருக்கிற சேமிப்புக்கும் கிடைக்கிற விடுப்புக்கும் ஒரு நீண்ட பயணம்தான் தாங்கும். அதை எங்கே செலவழிப்பது? இத்தாலியின் வெனிஸ் பினாலேயா (பினாலே என்றால் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய கண்காட்சி), ஜெர்மனியின் காசெல் ஊரில் நடக்கும் டாக்குமென்டாவா, அதே நாட்டின் மியூன்ஸ்டரில் நடக்கும் சிற்பக் கண்காட்சியா, கொச்சியா, ஜப்பானின் கலைத் தீவுகளா? கலைக் கண்காட்சிக்குப் போவதா, கட்டடக்கலைக் கண்காட்சிக்குப் போவதா? பத்து பேரைக் கேட்டால் எட்டுப் பேர் யோசிக்காமல் வெனிஸ் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது படைப்பவருக்கான கணக்கு. கலைப்பொருள் வாங்குபவருக்கும், படைப்புகளைத் தேர்ந்து கண்காட்சியை வடிவமைக்கும் க்யூரேட்டருக்கும் யாரைச் சந்திக்கிறோம் என்பதே பாதி வேலை. அவர்கள் வெனிஸின் முன்காட்சி வாரத்தில் இருந்தே ஆக வேண்டும். ஓவியம் தீட்டுபவருக்கும் சிற்பம் செய்பவருக்கும் அந்த வாரம் வீண். வரிசையில் நிற்பதிலேயே பொழுது போய்விடும்.

நான் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எந்தக் கண்காட்சியையும் நிறுத்துப் பார்க்கிறேன். அங்கே இருப்பதை வேறு ஊருக்குத் தூக்கிப் போக முடியுமா? இந்த ஆண்டு விட்டால் அடுத்த ஆண்டு இருக்குமா? கேன்வாஸ் ஊர் ஊராகச் சுற்றும். வீடியோ எங்காவது மறுபடி திரையிடப்படும். ஓர் ஏரிக்கரையின் சரிவுக்காகவே வார்த்த கான்கிரீட் வளையம் எங்கும் போகாது. அதை நாம்தான் தேடிப் போக வேண்டும். தூக்கிப் போக முடியாததும் காத்திருக்காததும் சேர்ந்து வரும் இடத்துக்கு முதலில் போ, தூக்கிப் போக முடியாவிட்டாலும் காத்திருப்பதைப் பிறகு பார், இரண்டிலும் சேராததைப் புகைப்படத்தில் பார்த்துக்கொள் என்பது என் கட்சி.

வெனிஸ்: கலை ஆண்டா, கட்டடக்கலை ஆண்டா?

கலை பினாலே 1895இல் தொடங்கியது. கட்டடக்கலைக்கு என்று தனியான சர்வதேசக் கண்காட்சி 1980இல் வந்தது. இரண்டும் ஒரே இடங்களில், ஓராண்டு விட்டு ஓராண்டு நடக்கின்றன. பெருந்தொற்றுக்கு முன்பு ஒற்றைப்படை ஆண்டு கலைக்கு, இரட்டைப்படை ஆண்டு கட்டடக்கலைக்கு. 2020இல் நடக்க வேண்டிய கட்டடக்கலைக் கண்காட்சி 2021க்கும், 2021இன் கலைக் கண்காட்சி 2022க்கும் தள்ளிப்போனதில் வரிசை மாறிவிட்டது. இப்போது இரட்டைப்படை ஆண்டுதான் கலைக்கு. இந்தச் சின்ன மாற்றம் 2027ஐப் பற்றி முடிவெடுக்கும்போது பெரிய விஷயம் ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கலை ஆண்டில் வெனிஸின் அளவு மலைக்க வைக்கும். ஜியார்தினி தோட்டத்தில் 29 நாட்டுப் பெவிலியன்கள், அதாவது நாடுகள் தங்கள் கலையைக் காட்டும் தனிக் கட்டடங்கள். பழைய கப்பல் கட்டும் தளமான ஆர்சனாலேயில், கப்பலுக்குக் கயிறு திரித்த பழைய கூடமான கோர்டெரியே மட்டுமே 300 மீட்டரைத் தாண்டும். அதுபோக ஊர் முழுக்க மாளிகைகளிலும் தேவாலயங்களிலும் இடம் பிடித்திருக்கும் மற்ற நாடுகள். இரண்டாம் நாள் மதியத்துக்குள் கண் களைத்துவிடும். எதைப் பார்த்தோம் என்பதைவிட எதைப் பார்க்கவில்லை என்ற கவலையே பெரிதாக இருக்கும்.

அந்த நெரிசலிலும் காலைக் கட்டிப்போடும் வேலைகள் உண்டு. 2024இல் ஆஸ்திரேலியப் பெவிலியனில் பழங்குடிக் கலைஞர் ஆர்ச்சி மூர், கறுப்பாக்கிய சுவர்களிலும் கூரையிலும் வெள்ளைச் சாக்பீஸால் தன் குடிவழியைக் கையால் எழுதியிருந்தார். 65,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போகும் பெயர்கள். இடையிடையே எழுத்தே இல்லாத கறுப்புத் திட்டுகள். படுகொலையிலும் கொள்ளைநோயிலும் வழி அறுந்துபோன இடங்கள் அவை. நடுவில் தண்ணீர், அதன்மேல் ஒரு மேடையில் அடுக்கடுக்காகக் காவல் மரணங்களின் விசாரணை அறிக்கைகள். சிறந்த நாட்டுப் பெவிலியனுக்கான தங்கச் சிங்கம் விருது அதற்குத்தான் கிடைத்தது. படத்தில் பார்த்தால் அது ஒரு பெரிய கரும்பலகை. நேரில், கூரையை நோக்கி எழுத்து மங்கிப் போகும்போது கழுத்து வலிக்க நிமிர்ந்து நிற்கிறோம் பாருங்கள், அதுதான் வேலை. இப்படி ஒரு பதிப்பில் நாலைந்து தேறும். அந்த நாலைந்துக்காக நூற்றுக்கணக்கான மற்றவற்றைக் கடந்து வர வேண்டும்.

சரி, கட்டடக்கலை ஆண்டு? அதன் சிக்கலே வேறு. கலைக் கண்காட்சியில் கலைப்பொருளே எதிரில் இருக்கிறது. கட்டடத்தைக் கண்காட்சிக்குக் கொண்டுவர முடியாது. ஆகவே மாதிரிகள், வரைபடங்கள், திரைகள், சுவர் கொள்ளாத எழுத்து. பல பெவிலியன்கள் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சுவரில் ஒட்டியதுபோல இருக்கும். ஆர்வமாக நுழைந்து, மூன்றாவது பெவிலியனில் படிப்பதை நிறுத்திவிடுகிற கலைஞர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

பொருளை நம்பிய பதிப்புகள் அங்கேயும் வந்திருக்கின்றன. 2014இல் அந்தப் பதிப்பை நடத்திய கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸ் கதவு, ஜன்னல், படிக்கட்டு, கழிப்பறை என்று கட்டடத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, நிஜப் பொருள்களையே அடுக்கிக் காட்டினார். 2016இல் அதே பொறுப்பில் இருந்த அலெஹாந்த்ரோ அரவேனா, முந்தைய ஆண்டின் கலை பினாலேயில் மிஞ்சிய ஜிப்சம் பலகைகளையும் 14 கிலோமீட்டர் உலோகச் சட்டங்களையும் கொண்டே நுழைவுக் கூடங்களை அமைத்தார். ஒரு கலைக் கண்காட்சி எவ்வளவு குப்பையை விட்டுப் போகிறது என்பதை அந்த அறையைவிட உறைக்கும்படி யாரும் சொன்னதில்லை. 2018இல் வத்திக்கான், சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவின் மரங்களுக்கிடையில் பத்துச் சிற்றாலயங்களைக் கட்டடக் கலைஞர்களைக் கொண்டு நிஜமாகவே கட்டியது. உள்ளே போய் உட்காரலாம். எனக்கு அதுதான் கட்டடக்கலைக் கண்காட்சி.

இத்தனைக்கும் பிறகு, கலைஞர் ஒருவர் வெனிஸுக்கு ஒரே முறை போவதானால் கட்டடக்கலை ஆண்டில் போகலாம் என்றுதான் சொல்வேன். காரணம் கண்காட்சி இல்லை, பெவிலியன்கள். கூட்டமும் பாதிகூட இராது: 2024 கலை பினாலேவுக்கு ஏறக்குறைய 7 லட்சம் பேர் வந்தார்கள், 2023 கட்டடக்கலைக்கு 3 லட்சத்துக்கும் குறைவு. ஜியார்தினியே இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலையின் நிரந்தரக் கண்காட்சி. யோசெஃப் ஹோஃப்மன் கட்டிய ஆஸ்திரியப் பெவிலியன் (1934), ரீட்ஃபெல்டின் டச்சுப் பெவிலியன் (1954), ஸ்கார்ப்பாவின் வெனிசுவேலா, ஆல்டோவின் பின்லாந்து (இரண்டும் 1956) எல்லாம் சில நிமிட நடையில்.

இவற்றில் ஒன்றுக்கு மட்டும் ஒரு முழு மணி நேரம் ஒதுக்குங்கள். 1962இல் நார்வேக் கட்டடக் கலைஞர் ஸ்வெர்ரே ஃபென் கட்டிய நார்டிக் பெவிலியன். கூரை முழுக்க மெல்லிய கான்கிரீட் விட்டங்கள். ஓர் அடுக்கின்மேல் இன்னோர் அடுக்கு, குறுக்கே. பகல் முழுவதும் வெயில் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்த இரண்டு அடுக்கில் பட்டுப் பட்டு உடைந்து, கீழே வரும்போது நிழலே இல்லாத வெளிச்சமாக இறங்குகிறது. தென்கோடி வெயிலை வடகோடி வெளிச்சமாக மாற்றும் கூரை. அங்கே முன்பே இருந்த மரங்களை வெட்டாமல் கூரையில் வழிவிட்டிருக்கிறார். வெளி மூலையில் ஒரு பெரிய விட்டம் நேராக வந்து, ஒரு மரத்துக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து வழி விடும். அதன் கீழே நின்று பார்த்தால், எடையைத் தாங்கும் உறுப்பையே ஒரு மரத்துக்காக வளைக்கலாம் என்று முடிவெடுத்தவரின் துணிச்சல் புரியும். உள்ளே அந்த ஆண்டு என்ன காட்சி வைத்திருந்தாலும் சரி, ஸ்கெட்ச் புக்கைக் கூரைக்குத் திருப்புங்கள்.

ஆனால் என் இரண்டாவது கேள்வியை இங்கே கேட்க வேண்டும். இந்தப் பெவிலியன்கள் எங்கே ஓடிவிடப் போகின்றன? மே முதல் நவம்பர் வரை தோட்டம் திறக்கும் எந்த ஆண்டிலும் பார்க்கலாம். ஊருக்குள் ஸ்கார்ப்பா சீரமைத்த குவெரினி ஸ்தம்பாலியா மாளிகையின் தரைத்தளமும் அப்படித்தான். கடல் ஏறும்போது தண்ணீரைத் தடுக்காமல் உள்ளே அழைத்து, கல் வாய்க்கால்களில் சுற்றிவரச் செய்யும் அந்த ஏற்பாடு 1963இலிருந்து அங்கேயே இருக்கிறது. வெனிஸ் காத்திருக்கும். அதனால்தான் அது என் பட்டியலில் முதலில் இல்லை.

காசெல்: ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, நூறு நாள்

டாக்குமென்டா 1955இல் ஆர்னோல்ட் போடே தொடங்கியது. போரில் தரைமட்டமான ஊர், குண்டுவீச்சில் சிதைந்த ஃப்ரிடெரிசியானும் கட்டடம், அதற்குள் நாஜிகள் சீரழிந்த கலை என்று ஒதுக்கிய நவீன ஓவியங்கள். தொடக்கமே ஒரு பதிலடி. அந்தக் குணம் இன்றும் போகவில்லை. வெனிஸில் நாடுகள் பேசும், இங்கே ஒரு பதிப்பை நடத்தும் கலை இயக்குநரின் வாதம் பேசும். வாதம் வலுவாக இருந்தால் பதிப்பு பத்தாண்டுகளுக்குப் பேசப்படும், 2002இல் ஓக்வி என்வேசர் நடத்தியதைப் போல. வாதம் சறுக்கினால் மொத்தமும் சறுக்கும். 2022இல் இந்தோனேசியாவின் ருவாங்ருபா குழு நடத்திய பதிப்பில், தாரிங் பாடி குழுவின் பெரிய பதாகை ஒன்றில் யூத வெறுப்புச் சித்திரங்கள் இருந்தது தெரியவந்து, அதை அகற்ற வேண்டியதாயிற்று. கூட்டாக வேலை செய்வது பற்றி அந்தப் பதிப்பு எழுப்பிய நல்ல கேள்விகள் எல்லாம் அந்தச் சச்சரவுக்குள் அமுங்கிப்போயின.

கலைஞருக்குக் காசெல் தருவது என்ன? எதிர்பாராத வேலைகள். 2012இல் ஃப்ரிடெரிசியானுமின் தரைத்தளத்தில் நுழைந்தவர்கள் பார்த்தது கிட்டத்தட்டக் காலி அறைகளை. மெல்லிய காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது. ராயன் காண்டரின் படைப்பு அந்தக் காற்றுதான். அதே பதிப்பில் நளினி மலானி, சுழலும் உருளைகளில் வரைந்து, அவற்றின் வழியே ஒளியைப் பாய்ச்சி, நிழல்களால் ஓர் அறையை நிறைத்திருந்தார். முன்னதைப் புகைப்படம் எடுக்கவே முடியாது, பின்னதை எடுத்துப் பயனில்லை.

அப்புறம், கண்காட்சி முடிந்தும் போகாதவை. 1982இல் ஜெர்மன் கலைஞர் ஜோசப் பாய்ஸ் ஃப்ரிடெரிசியானுமுக்கு எதிரே 7000 பசால்ட் (எரிமலைப் பாறை) கற்களைக் கொட்டினார். ஒரு மரம் நட்டால் ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் ஊன்றலாம் என்பது ஏற்பாடு. கற்குவியல் கரைய ஐந்து ஆண்டு ஆனது. 1987இல் கடைசி மரம் நடப்பட்டபோது பாய்ஸ் உயிரோடு இல்லை. நடும்போது கன்று ஒல்லி, கல் தடி. இன்று மரம் மாடி உயரத்துக்குப் போய்விட்டது, கல் அடியில் ஒதுங்கி நிற்கிறது. சில இடங்களில் அடிமரம் பருத்துக் கல்லை நெருக்குகிறது. சிற்பத்தில் காலம் என்பதைப் பற்றி எழுதப்பட்ட எந்தக் கட்டுரையையும்விட, ஏதாவது ஒரு தெருவில் அந்த ஜோடி ஒன்றின் முன் நிற்பது மேல்.

ஃப்ரீட்ரிஷ்பிளாட்ஸ் சதுக்கத்தில் வால்டர் டி மரியா 1977இல் இறக்கிய பித்தளைக் கம்பியையும் தவறவிடாதீர்கள். ஒரு கிலோமீட்டர் நீளம், முழுக்கப் பூமிக்குள். மேலே தெரிவது ஐந்து சென்டிமீட்டர் வட்டம் மட்டும். பலர் கவனிக்காமலே மிதித்துப் போவார்கள்.

மியூன்ஸ்டர்: பத்து ஆண்டுக்கு ஒருமுறை

அதே 1977இல், சில மணி நேர ரயில் தூரத்தில் உள்ள மியூன்ஸ்டரில் ஸ்குல்ப்டூர் புரோயெக்டே (சிற்பத் திட்டங்கள்) தொடங்கியது. ஊர் வாங்க நினைத்த ஒரு நவீன அசையும் சிற்பத்தைப் பொதுமக்கள் வேண்டாம் என்று எதிர்த்ததுதான் விதை. சண்டை வந்ததும், சிற்பம் என்றால் என்ன என்று ஊருக்கே காட்டுவோம் என்று கிளாஸ் புஸ்மனும் காஸ்பர் கோனிக்கும் கிளம்பினார்கள். 1977, 1987, 1997, 2007, 2017. அவ்வளவுதான், இதுவரை ஐந்தே பதிப்புகள். கலைஞரை அழைப்பார்கள், அவர் ஊரைச் சுற்றிப் பார்த்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பார், அந்த இடத்துக்காகவே ஒன்றைச் செய்வார். நுழைவுக் கட்டணம் கிடையாது. சைக்கிள் ஒன்று இருந்தால் போதும்.

இந்தக் கட்டுரையில் நான் மிக அதிகமாகப் பரிந்துரைப்பது இதைத்தான். இடமும் படைப்பும் எப்படிக் கைகோர்க்கின்றன என்பதை ஒரே ஊரில், பல தலைமுறைக் கலைஞர்களிடம் பார்க்க வேறு வழி இல்லை. ஆசே ஏரிக்கரையில் டொனால்ட் ஜட்டின் இரண்டு கான்கிரீட் வளையங்கள். ஒன்று தரையின் சரிவோடு சாய்ந்து போகிறது, மற்றொன்று ஏரியின் நீர்மட்டத்தோடு மட்டமாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாறிக்கொண்டே வரும் இடைவெளியைத் தொடர்ந்து ஒரு சுற்று நடந்தால், இந்த நிலம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பது முதல் முறையாகக் காலுக்குத் தெரிகிறது. பல்கலைக்கழக வளாகத்தில் ப்ரூஸ் நாமனின் தலைகீழ்ப் பிரமிடு: 25 மீட்டர் பக்கமுள்ள வெள்ளைச் சதுரம், நடுவை நோக்கி இறங்குகிறது. நட்ட நடுவில் நின்றால் சுற்றிலும் விளிம்பு கண் மட்டத்துக்கு வந்துவிடும். வெட்டவெளியில் இருந்துகொண்டே அகப்பட்டுக்கொண்ட உணர்வு. 1977இல் முன்வைத்த அந்தத் திட்டம் கட்டப்பட்டது 2007இல்தான். இடத்துக்கான கலையில் பொறுமையும் ஒரு மூலப்பொருள் போலிருக்கிறது.

மைக்கேல் ஆஷரின் வேலையை நினைத்தால் இன்னும் சிரிப்பும் வியப்பும் வரும். ஒரு சாதாரணக் காரவான் வண்டியை வாரம் ஓர் இடத்தில் நிறுத்தினார். பத்தாண்டு கழித்து அதே வாரங்களில் அதே இடங்கள். 1997இலும் 2007இலும் அப்படியே. ஒரு கட்டடம் எழும்பியோ சாலை மாறியோ பழைய இடத்தில் நிறுத்த முடியாமல் போனால், அந்த வாரம் வண்டி ஷெட்டிலேயே இருக்கும். நான்கு பதிப்புகளின் புகைப்படங்களை வரிசையாக வைத்தால், காணாமல் போவது வண்டி, மாறியிருப்பது ஊர்.

காத்திருக்காதவையும் இங்கே ஏராளம். 2017இல் ஐஷே எர்க்மென் உள்நாட்டுத் துறைமுகத்தில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு நடைபாதை அமைத்தார். கரையிலிருந்து பார்த்தால் மனிதர்கள் தண்ணீர்மேல் நடந்தார்கள். கைவிடப்பட்ட பனிச்சறுக்கு அரங்கு ஒன்றின் கான்கிரீட் தரையை வெட்டித் தோண்டி, மண், தேனடை, மீன்தொட்டி, திறந்து மூடும் கூரை என்று ஓர் உயிருள்ள நிலத்தை உருவாக்கினார் பியர் ஹுய்க். இரண்டும் இப்போது இல்லை. பார்த்தவர்களுக்கு மட்டும் உண்டு.

கொச்சி: கலைஞர்களே நடத்துவது

கொச்சி முசிறிஸ் பினாலே, போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் தொடங்கி வைக்க, 2012 டிசம்பர் 12இல் தொடங்கியது. சங்கப் பாடல்களில் வருகிற முசிறியின் பெயரை எடுத்துக்கொண்டது சும்மா அலங்காரத்துக்கு அல்ல. முதல் பதிப்பில் விவான் சுந்தரம், முசிறி இருந்ததாகக் கருதப்படும் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளைக் கொண்டே ஒரு நகரத்தைத் தரையில் பரப்பினார்.

மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை ஒன்றே. க்யூரேட்டர் பொறுப்பு கலைஞர்களிடமே இருக்கிறது: ஜிதீஷ் கல்லாட், சுதர்சன் ஷெட்டி, அனிதா துபே, ஷுபிகி ராவ், கடைசியாக 2025 டிசம்பரில் தொடங்கிய பதிப்புக்கு நிகில் சோப்ரா தன் குழுவோடு. அது பார்வையிலேயே தெரியும். சுவரில் எழுத்து குறைவு, அறைகளை அறைகளாகவே மதிப்பது அதிகம். 2014இல் கடலைப் பார்த்த ஓர் அறையின் தரையில் அனிஷ் கபூர் ஒரு கறுப்பு நீர்ச்சுழலை வைத்தார். உறுமல் காதுக்கு வருவதற்கு முன்பே பாதத்துக்கு வந்துவிடும். வெளியே கடல் அமைதியாக இருக்கும். 2016இல் சிலிக் கவிஞர் ராவுல் சூரித்தா ஒரு நீண்ட கிடங்கில் கடல்நீரை நிரப்பினார். மத்தியதரைக் கடலில் மூழ்கிப்போன ஒரு சிரியச் சிறுவனுக்காக எழுதிய கவிதையைப் படிக்க வேண்டுமென்றால் அந்தத் தண்ணீரில் இறங்கி நடந்து மறுகோடிக்குப் போக வேண்டும். இரண்டு வேலைகளுக்கும் பழைய வணிகக் கிடங்கான ஆஸ்பின்வால் வளாகம் தந்ததை எந்த வெள்ளைச் சுவர் கேலரியும் தந்திருக்காது.

குறையும் உண்டு. தேதிகளை நம்பித் தொடக்க வாரத்துக்குப் பயணச்சீட்டு எடுக்கக் கூடாது. 2022இல் முதன்மைக் கண்காட்சியின் திறப்பு கடைசி நேரத்தில் டிசம்பர் 12இலிருந்து 23க்குத் தள்ளிப்போனது. ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி நல்லது. மாணவர்களுக்கான தனிப் பினாலேயையும் சேர்த்துப் பாருங்கள். படிப்பை முடித்துத் தன் முதல் பெரிய இன்ஸ்டலேஷனை (ஓர் இடத்தையே படைப்பாக்கும் வேலையை) யோசிக்கிறவருக்கு, டாக்குமென்டாவைவிட அங்கே கற்க நிறைய இருக்கிறது. குறைந்த வசதியில் ஒரு பெரிய அறையை எப்படிக் கையாளலாம் என்பது காசெலில் தெரியாது.

நவோஷிமா, தெஷிமா: அவசரமே இல்லாத இடம்

ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடல் தீவுகளில் 2010 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செத்தோச்சி திரியன்னாலே நடக்கிறது. கடைசியாக நடந்தது 2025இல். ஆனால் திரியன்னாலே நடக்கும் பருவத்தைத் தவிர்த்துவிட்டுப் போவதே புத்திசாலித்தனம். அந்தப் பருவத்துக்கு மட்டும் வைக்கப்படும் சில வேலைகள் இராது, அதனால் என்ன? தீவுகளின் சாரமே அங்கே நிரந்தரமாக இருப்பவைதான். படகில் இடமும் கிடைக்கும்.

கலையும் கட்டடக்கலையும் இங்கே இரண்டு துறைகளாக இல்லை. கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ 2004இல் நவோஷிமா தீவில் கட்டிய சிச்சு அருங்காட்சியகம் பூமிக்குள் புதைந்திருக்கிறது. மூன்றே கலைஞர்கள்: பிரெஞ்சு ஓவியர் மோனே, ஒளியையே பொருளாக்கும் ஜேம்ஸ் டரல், காசெலில் பூமிக்குள் கம்பி இறக்கிய அதே வால்டர் டி மரியா. மோனேயின் அல்லிக்குள ஓவியங்களை மேலிருந்து வரும் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பார்க்க முடியும். தரையில் இரண்டு சென்டிமீட்டர் பளிங்குத் துண்டுகள், 7 லட்சம். மேகம் ஒன்று போனால் ஓவியம் மாறுகிறது. வேறெங்கும் மோனேயைப் பார்த்திருந்தாலும் இங்கே மறுபடி பாருங்கள். தூக்கிப் போகக்கூடிய கேன்வாஸைக்கூட இடம்பெயர்க்க முடியாததாக ஆக்கிவிட முடியும் என்பதற்கு இந்த அறை சாட்சி.

பக்கத்துத் தீவான தெஷிமாவில் 2010இல் திறந்த அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு படைப்புதான். கட்டடக் கலைஞர் ரியூ நிஷிசாவா, கலைஞர் ரெய் நைத்தோ. மண்ணை மேடாகக் குவித்து, அதன்மேல் கான்கிரீட்டை வார்த்து, இறுகியதும் உள்ளே இருந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். 40 மீட்டருக்கு 60 மீட்டர், தூணே இல்லாத ஓடு. கனம் 25 சென்டிமீட்டர். கூரையில் இரண்டு பெரிய வாய்கள் வானத்துக்குத் திறந்திருக்கின்றன. மழை, காற்று, பூச்சி எல்லாம் உள்ளே வரும். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். தரையில் கண்ணுக்கே தெரியாத துளைகளிலிருந்து நீர் ஊறுகிறது. ஒரு துளி மொட்டுப்போல உப்பும், நடுங்கும், தன் எடை தாங்காமல் நழுவும். தரையின் கண்ணுக்குப் புலப்படாத சரிவில் ஓடி இன்னொரு துளியோடு சேரும், வேகமெடுக்கும், நடுவில் தேங்கிய குட்டையில் போய் விழும். கூரை வாயில் கட்டிய மெல்லிய நூல் காற்றில் அசைவதைப் பார்த்த பிறகுதான் காற்று வீசுகிறது என்பதே தெரியும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அதுவும் நல்லதுக்கே.

இரண்டு நடைமுறை விஷயங்கள். சிச்சுவுக்கு நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும். சிச்சு திங்கள்கிழமை மூடியிருக்கும், தெஷிமா அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை. குளிர்காலத்தில் தெஷிமாவுக்கு விடுமுறை இன்னும் அதிகம். படகு நேரத்தை வைத்துத்தான் நாளைத் திட்டமிட முடியும்.

தூக்கிப் போக முடியாதது என்ற கேள்வியில் தெஷிமாவுக்கு முழு மதிப்பெண். ஆனால் அது காத்திருக்கிறது. உடம்பும் கண்ணும் நன்றாக இருக்கும்வரை எந்த ஆண்டும் போகலாம்.

சுருக்கமாகச் சில

சுவிட்சர்லாந்தின் ஆர்ட் பாசெல் போன்ற கலைச் சந்தைகளைப் பயண நோக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள். பாசெலுக்கு எதற்காவது போனால், எல்லை தாண்டி ஜெர்மனியின் வைல் ஆம் ரைனில் உள்ள விட்ரா வளாகத்துக்கு ஒரு நாள் கொடுங்கள். 1981 தீ விபத்துக்குப் பிறகு அந்த நாற்காலித் தொழிற்சாலை ஒவ்வொரு கட்டடத்தையும் ஒவ்வொருவரிடம் கொடுத்தது. ஃபிராங்க் கெரியின் அருங்காட்சியகம் (1989), ஜஹா ஹதீதின் தீயணைப்பு நிலையம் (1993), அதே ஆண்டின் ஆண்டோ அரங்கு என்று ஒரே புல்வெளியில் பக்கத்தில் பக்கத்தில். ஹதீதின் சாய்ந்த சுவர்களுக்குள்ளிருந்து ஆண்டோவின் அமைதிக்கு நடக்கும் அந்தச் சில நிமிடம், கட்டடக்கலை பினாலேயின் பல அறைகளுக்கு ஈடு. லண்டனில் 2000 முதல் ஆண்டுதோறும் கோடையில் நிற்கும் சர்ப்பென்டைன் பெவிலியனும் நல்லதுதான், கட்டணமும் இல்லை. ஆனால் அது ஒரு மணி நேர விஷயம். அதற்கென்று பயணம் வேண்டாம்.

ஆக, எப்போது எங்கே?

2007இலும் 2017இலும் வெனிஸின் கலை பினாலே, டாக்குமென்டா, மியூன்ஸ்டர் மூன்றும் ஒரே கோடையில் வந்தன. ஐரோப்பாவைச் சுற்றி மூன்றையும் அள்ளியவர்கள் உண்டு. 2027இல் டாக்குமென்டாவும் (ஜூன் 12 முதல் செப்டம்பர் 19 வரை, கலை இயக்குநர் நவோமி பெக்வித்) மியூன்ஸ்டரும் மறுபடி ஒரே ஆண்டில் வருகின்றன. வெனிஸில் அந்த ஆண்டு கட்டடக்கலை. பலருக்கு இது ஏமாற்றம். எனக்கு இது வசதி. வெனிஸை மனஉறுத்தல் இல்லாமல் விட்டுவிட்டு, மொத்த நேரத்தையும் அந்த இரண்டு ஜெர்மன் ஊர்களுக்குக் கொடுக்கலாம்.

மியூன்ஸ்டரை முதலில் வையுங்கள். மூன்று நாளாவது வேண்டும். புதியவற்றை வரைபடம் பார்த்துத் தேடுங்கள், பழையவை வழியில் தாமாக வரும். பிறகு காசெல், அங்கும் மூன்று நாள். முதல் நாள் முழுக்க ஃப்ரிடெரிசியானுமும் அதைச் சுற்றியும், மறுநாள் தெருக்களும் பூங்காவும், மூன்றாம் நாள் பிடித்ததற்குத் திரும்பிப் போக. ஜூலை இரண்டாம் பாதிக்குப் பிறகு போனால் முதல் வாரப் பழுதுகள் சரியாகியிருக்கும், விமர்சனங்களும் வந்திருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு வந்து படிப்பதா, படித்துவிட்டுப் போவதா என்பது அவரவர் பழக்கம். நான் பிறகுதான் படிப்பேன்.

நீங்கள் முழுக்க ஓவியர், அறைக்குள் மாட்டும் வேலைதான் உங்கள் உலகம் என்றால் என் வரிசை உங்களுக்குப் பொருந்தாது. 2028 வெனிஸுக்குச் சேமியுங்கள், செப்டம்பரில் போங்கள். வெளிச்சத்தோடு வேலை செய்கிறவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நவோஷிமாவுக்கே போகலாம், தவறில்லை. கொச்சி பதிப்பு நடக்கும் பருவத்தில் அந்தப் பக்கம் இருக்கிற யாரும் இந்த ஒப்பீட்டையெல்லாம் பார்க்காமல் போய்விட வேண்டும்.

2027 கை நழுவிவிட்டால்? அடுத்த மியூன்ஸ்டர் 2037 வரை வராது. ஆனாலும் முப்பதுக்கும் மேற்பட்ட பழைய சிற்பங்கள் ஊரிலேயே தங்கிவிட்டன, எந்த ஆண்டிலும் பார்க்கலாம். காசெலில் பாய்ஸின் மரங்களும் டி மரியாவின் கம்பியும் அப்படியே. கண்காட்சி இல்லாத ஆண்டின் மே மாதத்தில் இரண்டு ஊரையும் நான்கு நாளில் முடிக்கலாம். கூட்டம் இராது, தங்குமிடம் எளிதில் கிடைக்கும். மியூன்ஸ்டரில் இறங்கியதும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள். ஜட்டின் வளையங்களும் நாமனின் சதுரமும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை.